‘பாவம்’னா எத்தனை கிராம்?

‘பாவம்’ங்கிற வார்த்தைய அடிச்சிட்டாருங்க! சிவப்பு மையில, குறுக்கால, சர்ர்ருன்னு ஒரு கோடு! நீங்க முடிய வெட்டுங்க, வெட்டுங்க, நான் தலைய ஆட்டல. உச்சியில மட்டும் சீப்பு கொஞ்சம் மெதுவா போகட்டும்… அங்க ஒரு கொத்து வாங்கியிருக்கேன். கடல்காக்கா! வெள்ளையா, படகு பின்னாடியே கத்திக்கிட்டு வருமே, அதேதான்.

யாரு அடிச்சதா? எங்க லேப் தலைவர்ங்க. பேரெல்லாம் எதுக்கு, நாங்க அவரை சிவப்பு மைன்னுதான் சொல்லுவோம். காலையில காபி இறங்குதோ இல்லையோ, யாராவது எழுதினத அடிச்சாகணும். நான் ரிப்போர்ட்ல என்ன எழுதினேன்? ‘பறவைகள், பாவம், கழுத்தைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தன.’ தப்பா, சொல்லுங்க? ஓரத்துல எழுதறார்: ‘பாவம் என்றால் எத்தனை கிராம்?’ கிராமாம்! அடுத்த வரியில, ‘டக்கென்று எழுந்து நின்றது’ன்னு இருந்துச்சு. அதுக்கு, ‘டக்கென்று என்றால் எத்தனை நிமிடம்?’

அப்புறம் ‘நான்’னு எழுதவே கூடாதுங்க. புடிச்சது நான், தூக்கினது நான், ஊசி போட்டது நான், கொத்து வாங்கினதும் நான்! ரிப்போர்ட்ல பாத்தா, ‘பறவை பிடிக்கப்பட்டது, ஊசி செலுத்தப்பட்டது.’ யாரால? பேய் வந்து போட்டுட்டுப் போச்சா?

ஊசி எதுக்குன்னா… துறைமுகத்துக்கு எதிர்ல ஒரு பாறைத்தீவு இருக்குல்ல? நான் வேலைக்குச் சேந்த புதுசுல அங்க குடையோடதான் போகணும். மழைக்கு இல்லைங்க! மேல இருந்து விழும்ல… ஆ, சிரிக்கிறீங்க! இப்ப குடையே வேண்டாம். வெறும் பாறை. மிச்சமிருக்கிறதும் றெக்கை தொங்கி, நடுங்கிக்கிட்டு கெடக்குது. ஒருத்தர் விஷம்னாரு, ஒருத்தர் தொத்து நோய்னாரு. எனக்கு என்னவோ வைட்டமின் குறைச்சல்னு பட்டுச்சு. பி-ஒன்னு. அது இல்லன்னா நரம்பு சொன்ன பேச்சு கேக்காது. மனுஷனுக்கும் அப்படித்தான். இத வீட்டுல போய்ச் சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! அன்னையிலருந்து பாத்திரம் கழுவச் சொன்னா, ‘எனக்கும் கை தொங்குதும்மா, பி-ஒன்னா இருக்குமோ’ங்கிறார் எங்க வீட்டுக்காரர். ரிமோட்ட எடுக்கிறப்ப மட்டும் தொங்கல!

அதுங்க திங்கிற மீன்லயே சத்து குறைஞ்சுபோச்சோ, இல்ல வேற ஏதாவதோ, அது இன்னும் தெரியாதுங்க. தெரியாதத தெரியும்னு எழுத மாட்டோம். அந்த ஒரு விஷயத்துல நானும் சிவப்பு மையும் ஒரே கட்சி.

மொதப் பறவை பெட்டிக்குள்ள துணிமூட்டை மாதிரி கெடந்துச்சு. ஊசி போட்டுட்டு எனக்கு எந்திரிக்கவே மனசில்ல. பக்கத்துலயே உக்காந்துட்டேன். சாயங்காலம் பாத்தா, கழுத்து மெல்ல ஏறுது… ஏறுது… ஏறி, ஒரு கண்ணால என்னைப் பாத்துச்சு பாருங்க! ‘ஏய்ய்ய்!’ன்னு கத்திட்டேன். அதுவும் கத்துச்சு! மறுநாள் பெட்டியத் தொறக்கிறேன், நேரா என் தலை, ஒரு கொத்து, அங்கருந்து ட்யூப்லைட்டு, அங்கருந்து சிவப்பு மையோட தோள்பட்டை. வெள்ளைக் கோட்டு மேல என்ன பண்ணுச்சுன்னு… வேணாம், பின்னாடி ஆளுங்க உக்காந்திருக்காங்க. அந்த மனுஷன் வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்கிறார்ங்க! இதை எந்தத் தலைப்புல எழுதறது? ‘செய்முறை’லயா, ‘முடிவுகள்’லயா?

நாளைக்கு வனத்துறைக்காரங்க கூட்டம். அவங்க தலையாட்டினாத்தான் தீவுல மிச்சம் இருக்கிறதுக்கும் வைத்தியம் பாக்க முடியும், மீனையும் சோதிக்க முடியும். ரிப்போர்ட் இன்னைக்கே போயிருக்கணும். போகல. அப்படியே நின்னுபோச்சு.

இல்லைங்க… அவரால இல்ல.

பாதிப் பறவைக்குத்தான் மருந்து போடணும். மீதிக்கு வெறும் உப்புத்தண்ணி ஊசி. அப்பத்தானே ரெண்டையும் ஒப்பிட்டு, மருந்தாலதான் தேறுச்சுன்னு சொல்ல முடியும்? அரிச்சுவடிங்க இது, நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்! ஆனா தண்ணி ஊசியக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன்… ஒண்ணு என் விரலக் கடிக்கப் பாக்குது. கடிக்க பலமில்ல. அலகு வழுக்கி வழுக்கிப் போகுது… எல்லாத்துக்கும் மருந்தையே போட்டுட்டேன். எல்லாம் தேறிடுச்சுங்க! ஒண்ணு விடாம! இப்ப கூட்டத்துல ஒருத்தர் எந்திரிச்சு, ‘தானாவே தேறியிருக்கலாமே’ன்னு கேட்டா நான் எங்க போய் முட்டிக்கிறது?

இதை எழுதின பக்கத்தப் படிச்சிட்டு சிவப்பு மை ஒரு கோடு போடலங்க. பேனாவ மூடி வெச்சிட்டு ஜன்னலுக்கு வெளிய பாத்தாரு. நாலு திட்டு திட்டியிருந்தாக்கூடத் தேவல. அங்க நிக்க முடியாம வெளிய வந்தேன், உங்க கடை கண்ணுல பட்டுச்சு, நுழைஞ்சுட்டேன். ஆனாலும்… எல்லாம் பறந்துச்சுங்க! அத நினைச்சா சிரிப்பா வருது, நான் என்ன பண்ண!

இருங்க, போனு… சிவப்பு மைதான்! சார். ஆமா சார். என்ன? படகுக்காரங்க கொண்டாந்தாங்களா? ஆறு பறவையா! … கூட்டத்தத் தள்ளி வெச்சாச்சா? யாரு கேட்டது? நீங்களா சார்? … சரி சார். மூணுக்கு மருந்து, மூணுக்குத் தண்ணி, ஒப்பிட்டுப் பாத்துட்டு மறுநாளே தண்ணி போட்ட மூணுக்கும் மருந்து… சரி சார், தண்ணி ஊசிய நீங்களே போடுங்க. நான் வெளிய நிக்கறேன். கதவ வேணா பூட்டிக்குங்க சார்!

கேட்டீங்களா? கேட்டீங்களா! அவுத்து விடுங்க இந்தத் துணிய, நான் ஓடணும்! இல்லைங்க, இப்பவே! என்னது, வலது பக்கம் இன்னும் கத்தரிக்கோலே படலையா? எங்க, கண்ணாடியக் காட்டுங்க… ஐயய்யோ, இது என்னங்க கோலம்!

பரவால்ல, விடுங்க. ஒரு பக்கம் வெட்டினது, ஒரு பக்கம் வெட்டாதது. இந்தத் தடவையாவது பாதிய அப்படியே விட்டு வெச்சேன்னு அந்த மனுஷன் சந்தோஷப்படட்டும்!