கிற்றாரைக் கண்ணில் ஒற்றியவர்

சட்டன் நகருக்குப் போகிற பஸ் நெரிசலில் நகராமல் நின்றது. முன்சீட்டில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் காலை ஆட்டியபடியே வெளியே ஒரு போஸ்டரைக் காட்டினார். அதில் ஒரு ரொக் பாடகர் கிற்றாரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கும்பிடு என்னட்டையிருந்து களவெடுத்தது."

"சும்மா இருங்கோப்பா, ஆக்கள் பாக்கினம்," என்றார் மனைவி.

"இந்த நாட்டுக்கு வந்த புதுசில கடற்கரை ஹொலிடே காம்ப்பில கிளீனரா நிண்டனானெல்லே. இவன் மேடையில கிற்றாரைக் காலால உதைச்சான். எனக்குப் பொறுக்கேலாமப் போச்சு. ஓடிப்போய்த் தூக்கிக் கண்ணில ஒத்தினன். சனம் எழும்பி நிண்டு கைதட்டினது. அண்டையிலயிருந்து எல்லா மேடையிலயும் உதைச்சுப்போட்டு அவனே ஒத்திறான். உலகமெல்லாம் அதுக்கு விசர்."

"உங்களுக்கு என்ன கிடைச்சது?"

"அண்டைக்கே வேலையால நிப்பாட்டினவங்கள்."

பஸ் குலுங்கிப் புறப்பட்டது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணின் கிற்றார்ப் பையில் அவர் கால் பட்டுவிட்டது. மனுசன் பதறிக் குனிந்து, பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.

அவள் முகம் மலர்ந்து ஆங்கிலத்தில் கேட்டாள்:

"நீங்களும் அவருடைய ரசிகரா?"