புது முறை

"பத்மா நேத்து அழுதுட்டா மாமி, மூஞ்சியெல்லாம் நன்னா கோணித்து."

கிழக்கேகோட்டையில் பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன்சீட்டில் வலியசாலை அக்ரஹாரத்துப் பெண்கள் இருவர். சொன்னவள் இளையவள். பூக்கூடையை மடியில் வைத்திருந்த மாமி அவள் பக்கம் திரும்பினாள்.

"வயசு தெரியப்படாதுன்னு பம்பாய்ல மூஞ்சியை இழுத்துத் தைச்சுண்டாளே, அவளா? அம்மா செத்தன்னிக்கே அழலையே. கல்யாணத்துக்கு வந்தவ மாதிரின்னா நின்னா."

"அது பழைய தையலாக்கும். அப்போல்லாம் தோலை மட்டும் இழுத்து, காதுக்குப் பின்னால தைப்பாளாம். மூஞ்சி விறைச்சுண்டு நிக்கும்."

"சின்ன உறையில திணிச்ச தலைகாணி மாதிரி."

"ஓ, அதேதான். இப்போ அடியில இருக்கற சதையைத் தூக்கிக் கட்டிட்டு, தோலை மேலே சும்மா படிய விடறாளாம். கழுத்தையும் சேத்து. அப்படிப் பண்ணிண்டு வந்திருக்கா. சிரிப்பு, அழுகை எல்லாம் வரதாம்."

"பிறக்கறச்சே வந்ததை டாக்டர்ட்ட போய் மறுபடி வாங்கிண்டு வந்தாளாக்கும். எங்கே அழுதா?"

"அம்மாவோட சிராத்தத்துல."

"சிராத்தத்துல யாராவது அழுவாளோ? என்ன வேஷம் இது."

"தெருவே அதைத்தான் பேசறது. அன்னிக்கு அழலைன்னும் நாமதானே பேசினோம்?"

"அழறவ அன்னிக்கே அழணும்."

"அன்னிக்குத் தையல் அழ விடலையே மாமி."

கண்டக்டர் மணியடித்தார். மாமி பூக்கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"புது முறை வரவரைக்கும் அவ அம்மா சாகாம காத்துண்டிருந்திருக்கணும்னு சொல்றயா?"