பெண்கள் லைன்

இராமலட்சுமி – ...ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கா இவ்வளவு பாடு?

நூருன்னிசா – பேத்தி மாஜிதா கேட்டுட்டாள்லா. லைன்னா என்னென்ன அர்த்தம்னு சொல்லணுமாம். தோஹா பள்ளிக்கூடத்துல வீட்டுப்பாடம்.

இராமலட்சுமி – அதுக்கு மெயினருவியில, பொம்பளையாளு லைன்ல நின்னா யோசிக்கணும்?

நூருன்னிசா – இதுவும் லைன்தானட்டி!

இராமலட்சுமி – ஆமால்லா! சேத்துக்கோ. பொறவு மேலகரத்துல நாம பொறந்து வளந்த லைன் வீடு.

நூருன்னிசா – ஒங்க வீட்ல ரசம் கொதிச்சா எங்க அடுப்படியில மணக்கும்.

இராமலட்சுமி – ஒங்க உம்மா நடுச்சுவத்து மேல கைய நீட்டி நோம்புக்கஞ்சி தருவாவ. இப்பமும் நாக்குல நிக்கி.

நூருன்னிசா – அடுத்தது... டெலிபோன் ஆபீஸ் வாசல்ல ஆவுடையப்பண்ணன் சைக்கிள நிறுத்திட்டு ஒனக்கு லைன் அடிச்சது.

இராமலட்சுமி – ஏட்டி! இதையா பேத்திகிட்ட சொல்லுவ?

நூருன்னிசா – அவரத்தான கட்டிக்கிட்ட? பொறவு என்ன வெக்கம்?

இராமலட்சுமி – மெதுவா பேசு, சவமே... ஏம்மா, கைப்புள்ளையோடயா நிக்க? நீ முன்னால போ.

மஞ்சு – இருக்கட்டும்மா. நாங்க மதுரை. இந்தச் சாரலுக்குத்தான வந்தோம்.

இராமலட்சுமி – புள்ள நடுங்குதுல்லா. போம்மா.

நூருன்னிசா – வாரவளுக்கெல்லாம் வழி விடுத. நமக்கு எப்பம் குளிக்க?

இராமலட்சுமி – நீ வார்த்தைக்கு வா. அது எங்கருந்து வந்துச்சாம் மொதல்ல?

நூருன்னிசா – ஆளிவெத இருக்குல்லா, அந்தச் செடி நாருல நூலு திரிப்பாவளாம். அந்த நூலுதான் ஆதியில லைன். கோடு, வரிசையெல்லாம் பொறவு வந்ததாம்.

இராமலட்சுமி – நூலா! அப்ப ஒங்க வாப்பா தறியில உக்காந்து...

நூருன்னிசா – அதான் நெனச்சேன். மாஜிதா சொன்னதும் வாப்பா கைதான் கண்ணுல வந்துச்சு. அறுந்த இழைய எச்சி தொட்டு முறுக்குவாவல்லா...

இராமலட்சுமி – எங்களையும் பக்கத்துல விடுவாவ. தொடத்தான் விடமாட்டாவ.

நூருன்னிசா – ஒன் லைன விட்டுட்டோமே. 'லைன்ல இருங்க, பம்பாய் பேசுது...'

இராமலட்சுமி – ஐயோ, அந்த எக்ஸ்சேஞ்சு! காதுல மாட்டுன குமிழு தூக்கத்துலயும் இரையும்.

நூருன்னிசா – மளிகைக்கடை போன்ல நான் அழுதுகிட்டே நிப்பேன். எங்க வீட்டுக்காரவுக அங்க பம்பாயில அழுவாவ. மூணு நிமிசம் முடிஞ்சும் நீ கட் பண்ண மாட்ட. கேட்டா லைன் கோளாறும்ப.

இராமலட்சுமி – நெசமாவே கோளாறுதான்ட்டி.

நூருன்னிசா – பொய் சொல்லாத. நான் பேசுதப்ப மட்டும் வருமா கோளாறு? அவ்வொ மவுத்தாவுத வரைக்கும் ஒன்ன வாழ்த்திக்கிட்டே இருந்தாவ.

இராமலட்சுமி – ...ஒரு லைன் விட்டுப்போச்சு. கரண்டு லைன்.

நூருன்னிசா – அது எல்லா ஊர்லயும் உள்ளதுதான.

இராமலட்சுமி – லைன்மேன் வேல்ராஜ் வீட்டுக்கு வந்தான்... ஒன் வீட்டு கனெக்சன் வேற ஆளு பேருக்கு மாறிட்டாம். மக வீட்ல ரெண்டு மாசம் இருந்துட்டு வாரேன்னுதான சொன்ன?

நூருன்னிசா – மக சஃப்ரின் என்னைய ஒத்தையில விடமாட்டேங்கா. வீட்ட வித்தாச்சு. எனக்குப் போவ மனசே இல்லட்டி... எப்பம் தெரியும் ஒனக்கு?

இராமலட்சுமி – போன வாரமே.

நூருன்னிசா – தெரிஞ்சிருந்துமா இப்படிச் சிரிச்சிக்கிட்டு நின்ன?

இராமலட்சுமி – நீ சொல்லாதப்ப நான் எப்படிக் கேக்க? குளிச்சா தல துவட்டணும். துவட்டுனா ஆட்டோ ஏறணும். விடிஞ்சா நீ பிளேன்ல இருப்ப. அதான் வந்தவ போனவளையெல்லாம் முன்னால விட்டுட்டு நிக்கேன்.

மஞ்சு – அம்மா, நாங்க குளிச்சே வந்துட்டோம். இன்னுமா நிக்கிறீங்க? அடுத்து நீங்கதான், போலீஸம்மா கூப்பிடுறாங்க பாருங்க!

நூருன்னிசா – பின்னால நிக்கவுகள போச்சொல்லும்மா. நாங்க இப்பந்தான் வந்தோம்.