நாற்பத்தெட்டாம் நாள் திறக்கும் டப்பா

துளசியைக் கொதிக்க விடக் கூடாது. தண்ணீர் கொதித்ததும் இறக்கி வைத்து, இலையைப் போட்டுத் தட்டால் மூடிவிட வேண்டும். உங்கள் ஸ்டேஷனில் காலையில் கொடுத்தது வெறும் கஷாயம். குறையாகச் சொல்லவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் சங்கிலிப்பாண்டி சார் நல்ல மனிதர். நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொல்லி, வெள்ளைத்தாளும் ஜன்னலோரம் ஒரு மேஜையும் கொடுத்திருக்கிறார். அவருக்குத்தான் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருக்கிறது. தலையணைக்குள் கொஞ்சம் வெட்டிவேர் வைத்துப் படுத்தால் தூக்கம் வரும்.

என் பெயர் முப்பிடாதி. வயது நாற்பத்தேழு. பத்தொன்பது வருடம் டிராயிங் டீச்சராக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு வேலையை விட்டுவிட்டு, இலஞ்சியில் எங்கள் தென்னந்தோப்பில் மூன்று அறை கட்டி, மனசு நொந்துபோன பெண்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிறேன். நான் டாக்டர் என்று யாரிடமும் சொன்னதில்லை. யாருடைய மாத்திரையையும் நிறுத்தியதில்லை. கூட்டம் சேருமுன் அருவியில் ஒரு குளியல், கஞ்சியும் வல்லாரைத் துவையலும், பிறகு பகல் முழுக்கத் தோட்டத்து இலையையும் பூவையும் அரைத்துச் சாயம் எடுத்துப் படம் வரைவது. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள். அவ்வளவுதான் என் வைத்தியம்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வந்த அன்றே போனை வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவேன். நாற்பத்தெட்டாம் நாள்தான் திருப்பிக் கொடுப்பேன். புகாரில் நான் போனை ஒளித்து வைத்ததாக எழுதியிருக்கிறது. அது தவறு. டப்பா என் மேஜைமேல்தான் இருந்தது, எல்லோருக்கும் தெரியும். போன வருடம் ஜெபமலர் என்ற பெண்ணுக்கு முப்பதாம் நாள் இரக்கப்பட்டுப் போனைக் கொடுத்தேன். வீட்டில் ஏதோ சண்டை, அன்றே புறப்பட்டுப் போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்துத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் இளகியதில்லை.

சுகிர்தம்மாவை ஜூன் மாதம், சாரல் தொடங்கிய வாரத்தில் கூட்டிவந்தார்கள். குத்துக்கல்வலசையில் தனியாக இருந்தவர்கள். வயது அறுபத்திரண்டு. புருஷன் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து சரியாகச் சாப்பாடு இல்லை, பேச்சும் இல்லை. அடக்கத்துக்குக்கூடக் கல்லறைத் தோட்டம் வரை போகவில்லையாம். ஒரே மகள் பெர்சிஸ். வாசுதேவநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஜெபஸ்டினுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அம்மாவின் போனை பெர்சிஸ்தான் தன் கையால் டப்பாவில் போட்டாள். எந்தக் காரணத்துக்காகவும் இடையில் தொந்தரவு செய்ய மாட்டோம் என்ற தாளிலும் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளை இதோடு இணைத்திருக்கிறேன்.

"டீச்சர், எங்கம்மாவ எங்கிட்ட பழையபடி திருப்பித் தந்துருங்க. அது போதும்" என்றாள். நானும் சரி என்றேன்.

முதல் பத்து நாள் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் ஒரு மருதாணி இலையைக் கையில் எடுத்துக் கசக்கினார்கள். இருபதாம் நாள் ஒரு கொடி வரைந்தார்கள். ஒரு வாரம் போனதும் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு, சட்னியில் உப்பு குறைவு என்றார்கள். அடுப்படிக்குப் போய்ச் சந்தோஷத்தில் அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

முப்பத்தொன்றாம் நாள் காலையில், அதுவரை டீச்சர் என்றே கூப்பிட்டவர்கள், தலைநிமிராமல், "ஏட்டி, அந்தக் கிண்ணத்த இங்கன தள்ளு" என்றார்கள். தள்ளினேன். எங்கள் அம்மாவுக்குப் பிறகு என்னை யாரும் ஏட்டி என்று கூப்பிட்டதில்லை.

அன்று மத்தியானம்தான், நான் அவ்வப்போது சார்ஜ் ஏற்றி வைக்கும் சுகிர்தம்மாவின் போன் டப்பாவுக்குள் அடித்தது. பெர்சிஸ்.

"டீச்சர், எனக்கு மஞ்சக்காமாலை முத்திட்டுன்னு திருநவேலில சேத்துருக்காவ. அம்மாவ ஒரு எட்டு வரச் சொல்லுதீங்களா? பயங்காட்டாம சொல்லுங்க."

"சொல்லுதேம்மா" என்றேன். இன்றைக்கே சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை. காமாலை எத்தனையோ பேருக்கு வருகிறது, போகிறது. நானே கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறேன்.

முப்பத்துமூன்றாம் நாள் ஜெபஸ்டின் கூப்பிட்டார். ஈரல் கெட்டுவிட்டதாகவும், அத்தையைக் கூட்டிப்போகக் கார் அனுப்புவதாகவும் சொன்னார். நான் யோசித்துப் பார்த்தேன். புருஷனைப் பறிகொடுத்த அதே ஊர், அதே ஆஸ்பத்திரி வாடை. ஒரு மாதம் பாடுபட்டு நிமிர்த்திய ஒருவரை அங்கே அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "தம்பி, அவங்கட்ட சொல்லிட்டேன். என்னால அந்த வாசல மிதிக்க முடியாதுன்னு அழுதாங்க. நாப்பத்தெட்டு நாளும் முடிச்சிட்டு வாரேங்காங்க" என்றேன். "மாமா அடக்கத்துக்கே வரலல்லா" என்று அவரே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டார். கார் வரவில்லை.

மறுநாள் பெர்சிஸ் வீடியோ காலில் வந்தாள். முகமும் கண்ணும் மஞ்சளாக, மூக்கில் குழாய். என்னைத் திட்டவில்லை. "வராட்டாலும் பரவால்ல டீச்சர். ஒருதரம் காட்டுங்க" என்றாள். நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அடுப்படி ஜன்னல் வழியாகப் போனைப் பிடித்துக் காட்டினேன். மாமரத்தடியில் சுகிர்தம்மா செம்பருத்திச் சாயம் மூக்கில் அப்பிக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா சிரிக்கா" என்றாள் பெர்சிஸ். பிறகு, "இங்கன திரும்பச் சொல்லுங்க டீச்சர். ஒருதரம் என்னையப் பாக்கட்டும்" என்றாள்.

நான் இணைப்பைத் துண்டித்தேன். சிக்னல் போய்விட்டது என்று எழுதி அனுப்பினேன். அவர்கள் திரும்பியிருந்தால் அந்த மஞ்சள் முகம்தான் இனி எல்லாத் தாளிலும் வந்திருக்கும். அதையும் யோசிக்க வேண்டும் இல்லையா?

முப்பத்தாறாம் நாள் விடியற்காலை பெர்சிஸ் இறந்துபோனாள். ஜெபஸ்டின் ஒரே வரியில் செய்தி அனுப்பியிருந்தார். அடக்கம் சாயந்திரம் நான்கு மணிக்கு, வாசுதேவநல்லூரில். இலஞ்சியிலிருந்து காரில் ஒரு மணி நேரம். நான் சுகிர்தம்மாவின் போனிலிருந்து, அவர்களே எழுதுவது போல எழுதினேன். என்னால பாக்க முடியாது, நீங்களே அடக்கம் பண்ணிருங்க, இங்கன யாரும் வராதீங்க. நான்கு மணிக்கு மழை விட்டு வெயில் அடித்தது. சுகிர்தம்மா மகளுக்குக் கொடுப்பதற்கென்று ஒரு மயில் வரைந்துகொண்டிருந்தார்கள். கழுத்துக்கு நீலம் கேட்டார்கள். சங்குப்பூ பறித்து வந்து அரைத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள். அவர்கள் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியும்.

நாற்பத்தெட்டாம் நாள் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். போனைத் துடைத்து, முழுசாகச் சார்ஜ் ஏற்றி, சொன்ன சொல் மாறாமல் கையில் கொடுத்தேன். பெர்சிஸ் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் ஒன்பது இருந்தன. முதலாவதை மட்டும் கேட்டார்கள். பிறகு ஜெபஸ்டினின் செய்தியைப் பார்த்தார்கள். அதற்குக் கீழே நான் எழுதியதையும் படித்தார்கள்.

"ஒனக்கு எப்பம் தெரியும்?" என்று கேட்டார்கள். முப்பத்தொன்றாம் நாள் என்றேன். நான் அவர்களிடம் பொய் சொன்னதே இல்லை.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தாங்கள் வரைந்த பதினேழு படங்களையும் எடுத்துக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார்கள். இலைச்சாயம் தண்ணீரில் நிற்காது. மயிலும் போயிற்று. பிறகு செருப்புக்கூடப் போடாமல் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். பொங்கலை ஒரு வாய் வைக்கவில்லை.

ஆகவே, நீங்கள் கேட்டபடி தெளிவாக எழுதுகிறேன். சாகக் கிடந்த மகள் கூப்பிட்டதைத் தாயிடம் சொல்லாமல் மறைத்தது நான். தாய் வர மறுத்ததாகச் சொன்னது நான். தாயின் பெயரில் எழுதி, அவர்கள் இல்லாமலே அடக்கம் நடக்கச் செய்ததும் நான். யாரும் தூண்டவில்லை. எல்லாம் அவர்கள் நன்மைக்கு.

சுகிர்தம்மா இப்போது மருமகன் வீட்டில் பட்டினி கிடப்பதாகக் காலையில் உங்கள் ஏட்டம்மா சொன்னார்கள். தோட்டத்துக்கே வந்துவிடச் சொல்லுங்கள் சார். அந்த அறையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, படுக்கையை விரித்தே வைத்திருக்கிறேன். அவர்களுக்கென்று இருந்த ஒரே மகளும் போய்விட்டாள். இனி ஏட்டி என்று கூப்பிட்டால், என்னம்மா என்று கேட்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?