முதல் ஓலை ஞாயிறு

1974 ஜனவரியில், வில்லியனூருக்கு மேற்கே உள்ள எங்கள் மாதா கோவில் பங்கின் கிராமங்களில், ஆஸ்பத்திரியில் இலவசமாக வைத்தியம் பெறும் ஏழை அட்டை நூற்றுத் தொண்ணூறு குடும்பங்களிடம் இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் சைக்கிளில் ஊர் சுற்றி வருவது எனக்குப் பிடிக்கும். அந்த அட்டைகளைச் சரிபார்க்கும் குமாஸ்தா நான்.

விசாரணை அதிகாரி அவர்களே, நடந்தது தவறுதல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விசாரணையை முடித்துக்கொள்ளலாம் என்றீர்கள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் பதினெட்டு வருட வேலையில் நான் தவறுதலாக ஒன்றும் எழுதியதில்லை. ஆகவே நடந்தபடியே எழுதுகிறேன்.

பட்டியல் நீண்டுவிட்டது, வசதியுள்ளவர்களை நீக்கு, பிப்ரவரிக்குள் முடி என்று மேலிருந்து தாள் வந்தது. ரேடியோ, சுவர்க் கடிகாரம், சைக்கிள், பித்தளை அண்டா, இவற்றில் எவையேனும் இரண்டு இருந்தால் அந்த வீட்டுக்கு அட்டை கிடையாது. எங்கள் பக்கத்தில் அட்டை வைத்திருந்தவர்கள் வீட்டில் ஒன்றுகூட இருக்காது. உள்ளதை உள்ளபடி எழுதினால் ஒரு பெயரும் நீங்காது. அடுத்த பகுதியைப் பார்த்த நாகராஜன் நாலு பெயருக்கு ஒரு பெயரை அடித்துவிட்டு வேலையை முடித்தான். அது அநியாயம். கண்ணால் பார்க்காததை எழுத என்னால் ஆகாது.

எங்கள் ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்த அன்று மதியம் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். அன்றைக்கு அந்த வீடு நிறைந்திருக்க வேண்டும். தெருவே கொடுக்கும். ஒருவர் நாற்காலி, ஒருவர் கடிகாரம், ஒருவர் அண்டா. வந்து சாப்பிடுகிறவர்களும் தங்கள் வீட்டில் அதையே செய்தவர்கள்தான். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் தை மாதத்தில் ஓலைகள் குவியும். நான் முதல் பூசைக்குப் போய், பெயர்களைக் கேட்டுக்கொண்டு, மதியம் சைக்கிளை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் உழைக்கிறவன் என்று என் மேலதிகாரி மற்றவர்களிடம் சொன்னார்.

ஜனவரி இருபதாம் தேதி அருள்சாமியின் மகள் செலின் மேரிக்கு முதல் ஓலை. அருள்சாமி கூலி வேலை செய்தவர், சர்க்கரை வியாதிக்காரர். அவர் மனைவி அன்னாள் வாரம் ஒருமுறை அட்டையைக் காட்டி இன்சுலின் வாங்கி வந்து, தண்ணீர்ப் பானையை ஒட்டி ஈர மணலில் புதைத்து வைப்பாள். காலையில் மடத்து சிஸ்டர் ஊசி போடுவார். அதில்தான் அவர் உயிர் இருந்தது.

நான் போனபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் சவரிராயன் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், ஞாயித்துக்கெழமகூட சர்க்கார் வேலையா? நல்லா பெருசா எழுதிக்கினு போங்க. எங்க சம்பந்தி வூடுன்னா சும்மாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். சுவரில் இருந்த கடிகாரத்தை நான் தாளில் குறித்துக்கொண்டேன். பிறகு ரேடியோவைக் காட்டி, இது யாருடையது என்று அன்னாளிடம் கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். "எங்குளுதுதாண்ணே" என்றாள்.

அந்தப் புன்னகையை விளக்க வேண்டும். ரேடியோ என்னுடையது. அன்று காலையில்தான் என் மனைவி கிரேஸ் மேரி அதைத் துடைத்து, மேலே போடப் பூப்போட்ட துணியும் சேர்த்து அவளிடம் கொடுத்திருந்தாள். கொடுத்தவனே வந்து சம்பந்திகள் முன்னால் யாருடையது என்று கேட்டால், தன் வீட்டுக்குப் பெருமை சேர்க்கத்தான் கேட்கிறான் என்று அன்னாள் எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். தாளை நீட்டியதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ரேகை வைத்தாள். பாயசம் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். குடித்தேன்.

மறுநாள் ரேடியோ திரும்பி வந்தது. பிப்ரவரி பதினொன்றில் கல்யாணம் நடந்தது. மார்ச் முதல் வாரத்தில் ஆஸ்பத்திரியில் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு அன்னாளை வெறுங்கையோடு அனுப்பினார்கள்.

அவள் என் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடவில்லை. எழுதினதை மாற்ற முடியுமா என்று கேட்டாள். வழியைச் சொன்னேன். அன்று இருந்தவை இரவல் பொருள்கள் என்று மனு எழுத வேண்டும், பொருளுக்கு உரியவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், பந்தியில் இருந்தவர்களைச் சாட்சியாக விசாரிப்பார்கள்.

"சம்பந்தியையும் கூப்புடுவாங்களா?"

கூப்பிடுவார்கள் என்றேன்.

"அத்த எழுதிக் குடுத்துட்டா, செலினுக்கு அந்த வூட்ல இன்னாண்ணே மரியாத இருக்கும்?"

அது உன் இஷ்டம் என்றேன். அவள் கைகூப்பிவிட்டுப் போனாள். மனு வரவில்லை. வந்திருந்தால் ரேடியோவுக்கு உரியவன் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். எனக்கு அதில் ஒரு தடையும் இல்லை. அவள் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் இன்சுலினை வெளியில் காசு கொடுத்து வாங்கினார்கள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. ஏப்ரலில் அதுவும் நின்றது என்று சிஸ்டர் என் மனைவியிடம் சொன்னாராம். அருள்சாமியின் காலில் புண் வந்து கறுத்தது. செலின் மேரி பார்க்க வந்தபோது முள் குத்தியது என்று சொல்லியிருக்கிறார். அவளும் நம்பிவிட்டுப் போனாள்.

நான் யார் மீதும் பொய் எழுதவில்லை. தாள்கள் உங்களிடம் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டாரின் ரேகை இருக்கிறது. எந்த ஞாயிறு போக வேண்டும் என்பதை மட்டும் நான் தேர்ந்தெடுத்தேன்.

அருள்சாமி மே மாதம் ஒன்பதாம் தேதி இறந்தார். அந்தத் தை மாதத்தில் நான் நீக்கிய வீடுகள் இருபத்து மூன்று. ஆண்டு முடிவதற்குள் அவற்றில் நாலு பேர் இறந்தார்கள். அருள்சாமி இரண்டாவது.