என் மகளின் வாயை அலமாரியில் பூட்டாதீர்கள்

விழாத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எழுந்து போகலாமா என்று வாசலைப் பார்க்கும் பெரியோர்களே, அவர்களை முறைத்து உட்காரவைத்த தாய்மார்களே, பூச்செண்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே மேசையில் வீற்றிருக்கும் பேசும் கருவியே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் பேருந்து நடத்துநர். "உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று கத்தியே பிழைப்பவள். எனக்கு வாய்த்த மகளுக்கோ பேச்சு வராது. காது கேட்கும், கணக்கு வரும், குறும்புக்குக் குறைவே இல்லை. அதனால் வீட்டில் அவள் பெயர் வாலு.

படத்தைத் தொட்டால் சொல்லைச் சொல்லும் அந்தக் கருவி போன வருடம் பள்ளிக்கு வந்தது. யாருக்காக வந்தது? வாலுவுக்காக. எங்கே போனது? தலைமையாசிரியர் அறை அலமாரிக்கு. "உடைஞ்சா யாரும்மா பதில் சொல்றது?" என்றார் ஐயா. பொறுப்பான மனிதர். திரையில் ஒட்டிவந்த பிளாஸ்டிக்கைக்கூட உரிக்க விடவில்லை.

கருவி மிக நன்றாக இருந்தது. என் மகள்தான் நன்றாக இல்லை. ஒருநாள் வகுப்பில் அவளுக்கு அவசரம். கையைத் தூக்கினாள். கணக்குக்கு விடை தெரிந்துவிட்டதென்று மகிழ்ந்த டீச்சர், சாக்பீஸைக் கொடுத்துக் கரும்பலகைக்கு அனுப்பினார். பிள்ளை அத்தனை பேர் முன்னாலும் பாவாடையை நனைத்துக்கொண்டு நின்றாள். பின்வரிசையில் சிரிக்கிறவர்களே, பரவாயில்லை, வகுப்பிலும் சிரித்தார்கள். மறுநாள் வாலு வாசற்கதவைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கு வரமாட்டேன் என்று தலையாட்டினாள்.

பிறகு பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். அலமாரி திறந்தது. வாலுவை வரவழைத்தார்கள். தொடவேண்டிய படத்தையும் காட்டிக்கொடுத்தார்கள். தொட்டாள். "வணக்கம் ஐயா, நான் நலமாக இருக்கிறேன்" என்றது கருவி, செய்தி வாசிப்பவர் குரலில். ஒரே கைதட்டல்.

"வேற என்னம்மா சொல்லணும்?" என்றார் அதிகாரி.

அவளாகவே தேடினாள். தொட்டாள். அதே கம்பீரமான குரல்: "கழிப்பறைக்குப் போக வேண்டும்."

அவள் மறுபடி தொட்டாள். அதிகாரி வழிவிட்டார். போனாள், வந்தாள், கருவியை மட்டும் திருப்பித் தரவில்லை.

"இத்தனை நாளா இந்தப் பொண்ணு இதை எப்படிச் சொல்லிச்சு?" என்று கேட்டார் அதிகாரி. ஐயா அலமாரியைப் பார்த்தார். அலமாரி ஒன்றும் சொல்லவில்லை.

அன்றுமுதல் கருவி வாலுவின் பெஞ்சில். போன வாரம் வகுப்பில் ஓயாமல் பேசியதற்காக அவளைத் தனியே உட்காரவைத்தார்களாம். பேசியதற்காக! என் மகளை! ஓடும் பேருந்தில் நின்று அழுதேன். பயணிகள் சில்லறைத் தகராறு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்பர்களே! இன்று இன்னும் சில பிள்ளைகளுக்குப் புதிய கருவிகள் வழங்குகிறோம். கூடவே ஒரு கண்ணாடி அலமாரியும் வழங்குகிறோம். அழகான அலமாரி. ஐயா அதில் தம் குடையை வைத்துக்கொள்ளட்டும். கருவி பிள்ளையின் கையில் இருக்கட்டும்! கறை படட்டும்! கீறல் விழட்டும்! கீழே விழட்டும், எடுத்துத் துடைத்துக் கொடுங்கள்! பூட்டிவைத்த குரல் யாருக்குக் கேட்கும்? பொத்திவைத்த பேச்சு யாருக்குப் பயன்படும்?

அதோ, முன்வரிசையில் என் மகள். பார்வைக்கு வைக்க வேண்டுமென்று அவளுடைய கருவியை வாங்கி இந்த மேசையில் வைத்துவிட்டீர்கள். காலையிலிருந்து என் பிள்ளைக்கு வாயில்லை. யாராவது அதை... ஐயா, நீங்களே கொண்டுபோகிறீர்களா? மெதுவாக. கீழே விழுந்தாலும் பதில் நான் சொல்கிறேன்.

கொடுத்துவிட்டார். தொடுகிறாள். கொஞ்சம் அமைதியாக இருங்கள்.

"அம்மா. போதும். இறங்கவும்."

கேட்டீர்களா? நாளெல்லாம் ஊரை இறக்கிவிடுகிறவளை என் மகள் இறக்கிவிட்டாள். இந்த உத்தரவுக்காக எட்டு வருடம் காத்திருந்தேன். இறங்குகிறேன். இருந்து கேட்ட எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.