வாசல்வரை நடந்தால் போதுமா?

கழுத்தில் மாலையோடு நாற்காலியில் அமர்ந்து, சீக்கிரம் முடி என்று கண்ணாலேயே எனக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! இந்தத் துறைக்கு ஒரு கட்டில்கூட ஒதுக்கப்படாத காலத்தில், வராந்தாவில் பாய் விரித்து வைத்தியம் பார்த்த மூத்த மருத்துவப் பெருமக்களே! விழுந்தவர் எழும்போது முதலில் தோள் கொடுக்கும் இயன்முறை மருத்துவர்களே, பேச்சுப் பயிற்சியாளர்களே, செவிலியர்களே! பிள்ளையைச் சுமந்த இடுப்பில் இன்று கணவரையும் தகப்பனையும் தாங்கிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! சக்கர நாற்காலியில் முன்வரிசையை நிறைத்திருக்கும் என் அன்பு உறவுகளே! உங்கள் எல்லோருக்கும் மறுவாழ்வு மருத்துவர்கள் சார்பில் மனம் நிறைந்த வணக்கம்.

முன்வரிசை என்றதும் ஞாபகம் வருகிறது. நடக்க முடியாதவர்களுக்காக நாம் கூட்டியிருக்கும் மாநாடு இது. மேடைக்கு ஏறப் படிகள் இருக்கின்றன, சாய்தளத்தைக் காணோம். விழாக்குழுவினர் சற்றே தலையைக் குனிந்துகொள்ளலாம். சிரிக்காதீர்கள், அந்தக் குழுவில் நானும் ஒருத்தி.

நண்பர்களே, நேற்றிரவு நான் தூங்கினேன். இதையெல்லாமா மேடையில் சொல்வார்கள் என்று கேட்கிறீர்களா? நம் நோயாளிகளைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பிய அந்த விதி நீக்கப்பட்ட செய்தி நேற்று மாலை வந்தது. வெகு காலமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. தலையணையில் தலை வைத்ததுதான் தெரியும். என் வீட்டுக்காரர் எழுப்பியும் எழவில்லையாம். நீங்களும் அப்படித்தானே தூங்கினீர்கள்?

நாம் யார் என்பதே ஊருக்குத் தெரியாது. ஒரு கல்யாண வீட்டில், நான் மறுவாழ்வு மருத்துவர் என்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என்னை ஓரமாக அழைத்துப் போய், "எங்க மாப்பிள்ளை குடிய நிறுத்த ஏதாவது மாத்திரை இருக்காம்மா?" என்று கேட்டார். பக்கவாதம், முதுகுத்தண்டில் அடி, மூளைக் காயம், இவற்றில் பிழைத்தவரை மறுபடி வாழ வைப்பதுதான் என் வேலை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மாத்திரை இல்லையா?" என்றார்.

ஊர் அறியாதது போகட்டும். விதியை எழுதியவர்களாவது அறிந்தார்களா? வார்டின் இந்த முனையிலிருந்து அந்த வாசல்வரை துணையின்றி நடந்துவிட்டால் நோயாளி தேறியவர். அன்றோடு பயிற்சி நிற்கும், கட்டில் பறிபோகும். இதுதான் அந்த விதி. கால் நடந்தால் கை வந்துவிடுமா? கை வந்தால் பேச்சு வந்துவிடுமா? பேச்சு வந்தால் பிழைப்பு வந்துவிடுமா? வாசலோடு முடிந்துவிடுமா ஐயா, ஒரு மனிதனின் வாழ்க்கை?

அந்த விதியிடம் மாட்டிக்கொண்டவர் ஒரு தையற்காரர். பக்கவாதம் வலப்பக்கத்தை அடித்துப் போட்டது. கால் மெல்ல மெல்ல வந்தது. கத்தரிக்கோல் பிடித்த கை மட்டும் வரவில்லை. அவருக்குப் பயிற்சியை நீட்டித்துத் தாருங்கள் என்று மேல்முறையீடு செய்தோம். விசாரணைக் குழு எங்களை நேரில் வரச் சொன்னது.

இங்கேதான் நாம் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று நடந்தது. யாராவது பார்க்க வந்தால் என்ன சொல்லிக்கொடுப்போம்? முதுகை நிமிர்த்துங்கள், பார்வையை முன்னால் வையுங்கள், உங்களால் முடிந்த மிகச் சிறந்த நடையை நடந்து காட்டுங்கள் என்போம். மனிதர் அதைச் சிரமேற்கொண்டு செய்தார். கோலைக் கதவோரம் சாத்திவிட்டு, குழுவின் முன்னால் மாப்பிள்ளை போல நடந்து வந்தார். என் பக்கத்திலிருந்த இயன்முறை மருத்துவருக்குப் பெருமை தாங்கவில்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்: இப்படி நடந்தால் விதிப்படி அவர் தேறியவர் ஆயிற்றே!

குழுத் தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. "பிரமாதமா நடக்கறீங்களே! அப்புறம் என்ன குறை? சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. விதியில் உள்ளதை விதியில் உள்ளபடி சொன்னார். அவ்வளவுதான், எல்லோரும் எழுந்துவிட்டோம்.

எழுந்தபோது தையற்காரரின் மனைவி, கணவருடைய முழுக்கைச் சட்டையில் கழன்றிருந்த இடது மணிக்கட்டுப் பொத்தானைப் பார்த்தார். "இருங்க, போட்டு விடறேன்" என்று கையை நீட்டினார். நான் சொன்னேன், "அம்மா, கையை உட்கார வையுங்க."

நம் வார்டுக்கு வந்தவர்களுக்கு இந்தப் பேச்சு தெரியும். நோயாளி முயலும்போது, கூட இருப்பவர் தம் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார வேண்டும். ஏனென்றால் அன்புள்ள கை அவசரக் கை, முந்திக்கொண்டு உதவிவிடும். அந்த அம்மாள் மறுபேச்சின்றி நாற்காலிக்குத் திரும்பிக் கைமேல் உட்கார்ந்தார்.

தையற்காரரிடம் கேட்டேன், "நீங்களே போட்டுக் காட்டறீங்களா? விருப்பமில்லைன்னா வேண்டாம்." கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையசைத்தார்.

இடது மணிக்கட்டின் பொத்தானை வலது கைதானே போட வேண்டும்? விரல் வந்தது, நடுங்கியது, நழுவியது. மீண்டும் வந்தது, மீண்டும் நழுவியது. ஊரார் சட்டைக்கெல்லாம் பொத்தான் தைத்த விரல் அது. பார்க்கப் பொறுக்காமல் குழுத் தலைவரின் கை மேசையைத் தாண்டி நீண்டது. "ஐயா, மன்னிக்கணும். நீங்களும்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபடி நாற்காலியில் அமர்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தலைவர் உட்கார்ந்தால் உறுப்பினர்கள் சும்மா இருப்பார்களா? கோட்டு போட்ட அத்தனை பேரும் பள்ளிப் பிள்ளைகளாகக் கைமேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

பொத்தான் துளைக்குள் போகவே இல்லை. கடைசியில் தையற்காரர் நிமிர்ந்தார். "ஐயா, வாசல்வரைக்கும் நல்லாத்தான் நடக்கறேன். வாசலைத் தாண்டினா நான் போக வேண்டிய இடம் என் கடை. இந்தக் கையோட அங்க போய் என்ன செய்வேன்?"

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தையற்காரருக்குப் பயிற்சியைத் தொடர அன்றே உத்தரவிட்டார். அந்த விதியையே மாற்ற வேண்டும் என்று மேலிடத்துக்கும் எழுதினார். அதன் பலன்தான் நேற்று வந்த செய்தி.

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! ஆனால் ஒரு விதி போனதோடு ஓய்ந்துவிடலாமா? தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி கண் விழிக்கும் நாளிலேயே எங்களைக் கூப்பிடுங்கள் என்று கேட்க வேண்டாமா? வீட்டுக்கு அனுப்புகிற அன்று, மூட்டை கட்டியபிறகு, "இவரைக் கொஞ்சம் பாருங்க டாக்டர்" என்றால் எதைப் பார்ப்பது? மூட்டையையா? பின்வரிசையில் அறுவை மருத்துவர் ஒருவர் பலமாகச் சிரிக்கிறார். உங்களைத்தான் சொல்கிறேன் ஐயா. நீங்கள் உயிரை மீட்டுத் தருகிறீர்கள், கைகூப்பி ஏற்கிறோம். அந்த உயிர் உண்ணவும் உடுத்தவும் உழைக்கவும் எங்களுக்குக் கட்டில் வேண்டும், கருவி வேண்டும், ஆள் வேண்டும். மருத்துவமனையை விட்டுப் போனவரின் வீடுவரை பின்தொடர வழி வேண்டும். கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம், கொடுக்கும்வரை கேட்போம்!

இன்று காலை அந்தத் தையற்காரரைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். பொத்தான் இன்னும் வசப்படவில்லை. வியர்த்த முகத்தோடு நிமிர்ந்து, "டாக்டர், நேரமாகுதா?" என்று கேட்டார். அந்த விதி இருந்தவரை, அந்தக் கேள்விக்கு நம்மில் யாராலும் நேராகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. இன்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கைகளின் மேலேயே உட்கார்ந்து சொன்னேன்: "இல்லைங்க. மெதுவாப் போடுங்க. நேரம் இருக்கு."

விடாமல் கேட்டு அந்த நேரத்தை அவருக்கு வாங்கித் தந்தவர்கள் நீங்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன்.